வீட்டு இணைய இணைப்பில் நிலையான ஐபி முகவரியும் மாறும் ஐபி முகவரியும்

ஐபி முகவரி என்பது இணைய நெறிமுறையின்படி இயங்கும் ஒரு பிணையத்தில் கருவிகளை அடையாளம் காட்டும் எண் ஆகும். வீட்டு இணைப்புக்குச் சேவை வழங்குநர் கொடுக்கும் முகவரி இரண்டு வகைப்படும். ஒரே வாடிக்கையாளருக்கென மாறாமல் ஒதுக்கி வைக்கப்படுவது நிலையான ஐபி முகவரி எனப்படுகிறது. பொதுவான தொகுப்பு ஒன்றிலிருந்து தற்காலிகமாகக் கொடுக்கப்பட்டு, பின்னர் வேறொன்றாக மாறக்கூடியது மாறும் ஐபி முகவரி எனப்படுகிறது. பேச்சு வழக்கில் இவை ஸ்டாட்டிக் ஐபி, டைனமிக் ஐபி என்று அழைக்கப்படுகின்றன. பெரும்பாலான வீட்டு இணைப்புகள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

வீட்டில் கண்காணிப்புக் கேமரா பொருத்தும்போதோ, அலுவலகப் பிணையத்துடன் வீட்டிலிருந்து இணையும்போதோ, "இதற்கு ஸ்டாட்டிக் ஐபி வேண்டும்" என்று யாராவது சொல்லும்போதுதான் பலரும் இச்சொல்லை முதன்முதலாகக் கேட்கின்றனர். பெரும்பாலான நிறுவனங்கள் அதற்குத் தனிக் கட்டணம் பெறுகின்றன. ஆகவே அது உண்மையில் தேவையா, வாங்கினால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்வது நல்லது.

முகவரியின் அமைப்பு

இன்றும் பரவலாகப் பயன்படும் ஐபிவி4 நெறிமுறை 1981 செப்டம்பரில் ஆர்எஃப்சி 791 என்னும் ஆவணத்தில் வரையறுக்கப்பட்டது. இதில் ஒரு முகவரி 32 பிட் நீளமுடையது. மனிதர் படிப்பதற்கு எளிதாக அது 0 முதல் 255 வரையிலான நான்கு எண்களாகப் பிரித்து, இடையே புள்ளி வைத்து எழுதப்படுகிறது. எடுத்துக்காட்டு: 203.0.113.25. பாடநூல்களிலும் விளக்கக் கட்டுரைகளிலும் பயன்படுத்துவதற்கென்றே ஒதுக்கப்பட்ட தொகுதியைச் சேர்ந்த முகவரி இது.

32 பிட்களால் 4,294,967,296 வெவ்வேறு முகவரிகளை உருவாக்கலாம். சில ஆய்வு நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் மட்டுமே இணைந்திருந்த காலத்தில் இது தீராத எண்ணிக்கையாகத் தோன்றியது. இன்று உலக மக்கள்தொகையே இதைவிட அதிகம். ஒரே வீட்டில் கைபேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி, கேமரா எனப் பத்துக் கருவிகள் இருப்பதும் இயல்பாகிவிட்டது. வீட்டுப் பயனர்களுக்கு நிலையான முகவரி எளிதில் கிடைக்காததற்கு இந்தப் பற்றாக்குறையே அடிப்படைக் காரணம்.

முகவரிகள் யாரிடமிருந்து வருகின்றன

உலகளவில் முகவரித் தொகுதிகளை ஐயானா என்னும் அமைப்பு நிர்வகிக்கிறது. அது ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்குத் தொகுதிகளை ஒதுக்குகிறது. ஆசிய-பசிபிக் பகுதிக்கான பதிவகம் ஆப்னிக். இதன் தலைமையகம் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் உள்ளது. இந்தியாவில் ஐரின் என்னும் தேசியப் பதிவகமும் இயங்குகிறது. சேவை வழங்குநர்கள் இப்பதிவகங்களிடமிருந்து தொகுதிகளைப் பெற்று, வாடிக்கையாளர்களுக்குப் பிரித்துக் கொடுக்கின்றனர்.

2011 பிப்ரவரி 3 அன்று ஐயானா தன்னிடமிருந்த கடைசி ஐந்து பெருந்தொகுதிகளையும் ஐந்து பதிவகங்களுக்கும் ஆளுக்கொன்றாகப் பகிர்ந்தளித்தது. அதே ஆண்டு ஏப்ரலில் ஆப்னிக் தன் இறுதிப் பெருந்தொகுதியை எட்டி, அளவிட்டுக் கொடுக்கத் தொடங்கியது. வட அமெரிக்கப் பதிவகத்தின் இருப்பு 2015 செப்டம்பரிலும், ஐரோப்பியப் பதிவகத்தின் இருப்பு 2019 நவம்பரிலும் தீர்ந்தன. அதன் பின்னர் கூடுதல் ஐபிவி4 முகவரிகள் வேண்டுவோர், ஏற்கெனவே வைத்திருப்பவர்களிடமிருந்து விலைக்கு வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ வேண்டியுள்ளது. நிலையான முகவரிக்குத் தனிக் கட்டணம் கேட்கப்படுவதன் பின்னணி இதுவே.

மாறும் முகவரி ஒதுக்கப்படும் முறை

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் நிறுவனம் தொடங்கியது. அன்று தொலைபேசி வழியாக எண்ணைச் சுழற்றி இணைய வேண்டும். வாடிக்கையாளர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் இணைவதில்லை. எனவே ஆயிரம் வாடிக்கையாளர்கள் இருந்தாலும், ஒரே சமயத்தில் இணையக்கூடிய நூறு, இருநூறு பேருக்கான முகவரிகள் போதுமானவையாக இருந்தன. ஒருவர் இணைப்பைத் துண்டித்ததும் அவரது முகவரி அடுத்தவருக்குப் போகும். தங்கும் விடுதியில் ஒருவர் காலி செய்த அறையை அடுத்து வருபவருக்குக் கொடுப்பது போன்ற ஏற்பாடு இது.

அகன்ற அலைவரிசை இணைப்புகள் வந்தபின் ரூட்டர் நாள் முழுதும் இணைந்தே இருக்கத் தொடங்கியது. ஆனாலும் பழைய ஏற்பாடு தொடர்ந்தது. நிர்வகிக்க எளிது என்பதும், முகவரிகளைத் தேவைக்கேற்ப ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றிக்கொள்ள முடியும் என்பதும் அதற்குக் காரணங்கள்.

முகவரியைத் தானாக ஒதுக்குவதற்குப் பரவலாகப் பயன்படுவது டிஎச்சிபி நெறிமுறை. அது நான்கு படிகளில் நடைபெறுகிறது.

1. ரூட்டர், "முகவரி தருபவர் யாரேனும் உண்டா?" என்று பிணையம் முழுவதற்கும் கேட்கிறது.
2. முகவரி வழங்கி, "இந்த முகவரி தரலாம்" என்று முன்மொழிகிறது.
3. ரூட்டர், "அதையே எடுத்துக்கொள்கிறேன்" என்று கோருகிறது.
4. வழங்கி அதை உறுதிசெய்து, எவ்வளவு காலத்துக்கு என்பதையும் தெரிவிக்கிறது.

இந்தக் காலம் குத்தகைக் காலம் எனப்படுகிறது. அது சில மணி நேரமாகவும் இருக்கலாம், சில நாட்களாகவும் இருக்கலாம். வழக்கமான அமைப்பில், குத்தகையில் பாதி கழிந்ததும் ரூட்டர் அதைப் புதுப்பிக்கக் கேட்கிறது. விடை கிடைக்காவிட்டால் 87.5 விழுக்காடு கழிந்ததும் மீண்டும் கேட்கிறது. புதுப்பித்துக்கொண்டே இருந்தால் அதே முகவரி நீடிக்கும். ரூட்டர் சிறிது நேரம் அணைந்திருந்தாலும், பழைய முகவரி வேறொருவருக்குப் போகாதிருந்தால் வழங்கி அதையே திரும்பத் தர முயலும். ஆகவே மாறும் முகவரி என்றால் நாள்தோறும் மாறியே தீரும் என்று பொருளன்று. மாதக்கணக்கில் மாறாமலும் இருக்கலாம். ஆனால் மாறாது என்ற உறுதி கிடையாது.

இந்தியாவில் பல இழையிணைப்புகளிலும் பழைய டிஎஸ்எல் இணைப்புகளிலும் பிபிபிஓஇ என்னும் முறை பயன்படுகிறது. இதில் ரூட்டர் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து உள்நுழைகிறது. ஒவ்வொரு உள்நுழைவும் ஒரு புதிய அமர்வு என்பதால், மின்தடைக்குப் பின்னோ ரூட்டரை மறுதொடக்கம் செய்த பின்னோ முகவரி மாறுவது இம்முறையில் அதிகம். ஜெர்மனியில் டிஎஸ்எல் இணைப்புகளை 24 மணி நேரத்துக்கு ஒருமுறை துண்டித்து, புதிய முகவரியுடன் மீண்டும் இணைக்கும் வழக்கமும் நீண்ட காலம் இருந்தது.

நிலையான முகவரி ஒதுக்கப்படும் முறை

நிலையான முகவரி வாங்கியவுடன் வாடிக்கையாளர் தன் ரூட்டரில் எண்களைக் கையால் பதிய வேண்டும் என்று பலர் நினைக்கின்றனர். சில நிறுவனங்களில் அவ்வாறு செய்ய வேண்டியிருக்கும். ஆனால் பல இடங்களில் ரூட்டரில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. வாடிக்கையாளரின் பயனர்பெயருக்கு எதிரே ஒரு குறிப்பிட்ட முகவரியை நிறுவனம் தன் தரவுத்தளத்தில் எழுதி வைக்கிறது. அந்தப் பயனர்பெயர் உள்நுழையும் ஒவ்வொரு முறையும் அதே முகவரி கொடுக்கப்படுகிறது. கொடுக்கும் முறை ஒன்றே. கொடுக்கப்படும் எண் மட்டும் மாறுவதில்லை.

இந்த முகவரி வாடிக்கையாளரின் உடைமை அன்று. அது சேவை வழங்குநரின் தொகுதியைச் சேர்ந்தது. வேறு நிறுவனத்துக்கு மாறினால் கைபேசி எண்ணைக் கொண்டு செல்வதுபோல் இதைக் கொண்டு செல்ல இயலாது. சில வேளைகளில் வேறு ஊருக்கு வீடு மாறினாலும் முகவரி மாறிவிடும். அலுவலகத்திலோ கருவிகளிலோ இந்த எண்ணை நேரடியாகப் பதிந்து வைத்திருப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

பொது முகவரியும் தனிப் பிணைய முகவரியும்

நிலையானதா மாறுவதா என்பது ஒரு கேள்வி. பொது முகவரியா, தனிப் பிணைய முகவரியா என்பது வேறொரு கேள்வி. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதே பெரும்பாலான தவறான முடிவுகளுக்குக் காரணம்.

1996 பிப்ரவரியில் வெளியான ஆர்எஃப்சி 1918 ஆவணம், வீடுகளுக்குள்ளும் அலுவலகங்களுக்குள்ளும் யார் வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளும்படி மூன்று தொகுதிகளை ஒதுக்கியது.

- 10.0.0.0 முதல் 10.255.255.255 வரை
- 172.16.0.0 முதல் 172.31.255.255 வரை
- 192.168.0.0 முதல் 192.168.255.255 வரை

வீட்டுக் கருவிகளில் 192.168 என்று தொடங்கும் முகவரி பெரும்பாலும் காணப்படுவது இதனால்தான். இம்முகவரிகள் இலட்சக்கணக்கான வீடுகளில் ஒரே நேரத்தில் பயன்படுகின்றன. எனவே அவற்றை இணையத்தில் நேரடியாகத் தொடர்புகொள்ள முடியாது. ஒரு தெருவில் பல வீடுகளிலும் "மாடி அறை" இருக்கலாம். கதவு எண் இல்லாமல் "மாடி அறை" என்று மட்டும் எழுதினால் அஞ்சல்காரர் எந்த வீட்டுக்குப் போவார்?

வீட்டிலுள்ள கருவிகள் அனைத்தும் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்ள உதவுவது பிணைய முகவரி மாற்றம். இது நேட் என்று சுருக்கமாக அழைக்கப்படுகிறது. ஒரு கைபேசி வெளியே ஓர் இணையதளத்துக்குத் தரவுப் பொதியை அனுப்பும்போது, ரூட்டர் அதிலுள்ள உள்முகவரியை நீக்கிவிட்டுத் தன் பொது முகவரியையும் ஒரு போர்ட் எண்ணையும் இடுகிறது. எந்தப் போர்ட் எண் எந்தக் கருவிக்கு உரியது என்பதை ஓர் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. விடை வரும்போது அட்டவணையைப் பார்த்து உரிய கருவிக்கு அனுப்புகிறது.

வெளியிலிருந்து யாரேனும் தாமாகவே தொடர்புகொள்ள வந்தால் அட்டவணையில் குறிப்பு இராது. ரூட்டர் அப்பொதியைக் கைவிடும். வீட்டிலுள்ள கேமராவையோ வழங்கியையோ வெளியிலிருந்து அணுக வேண்டுமானால், "இந்தப் போர்ட்டுக்கு வருவதை இந்தக் கருவிக்கு அனுப்பு" என்று ரூட்டரில் முன்கூட்டியே பதிய வேண்டும். இது போர்ட் ஃபார்வர்டிங் எனப்படுகிறது.

சிஜிநேட்: வீட்டுக்கு வெளியே இன்னொரு சுவர்

முகவரிப் பற்றாக்குறை முற்றியபின், சேவை வழங்குநர்கள் தங்கள் பிணையத்திலும் இதே உத்தியைப் பெரிய அளவில் பயன்படுத்தத் தொடங்கினர். இது சிஜிநேட் எனப்படுகிறது. இதில் வாடிக்கையாளரின் ரூட்டருக்கே பொது முகவரி கிடைப்பதில்லை. ஒரு பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன.

போர்ட் எண் 16 பிட் நீளமுடையது. எனவே ஒரு முகவரிக்கு 65,536 போர்ட்கள் உண்டு. முதல் 1,024 போர்ட்களை விட்டுவிட்டால் மீதி 64,512. ஒவ்வொரு வீட்டுக்கும் 1,000 போர்ட்கள் வீதம் ஒதுக்கினால் ஒரே முகவரியை 64 வீடுகள் பகிர்ந்துகொள்ளலாம்.

சிஜிநேட் பயன்பாட்டுக்காகவே 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான தொகுதி 2012 ஏப்ரலில் ஆர்எஃப்சி 6598 மூலம் ஒதுக்கப்பட்டது. எனினும் 10 என்று தொடங்கும் முகவரிகளை இதற்குப் பயன்படுத்தும் நிறுவனங்களும் உண்டு.

சிஜிநேட்டின் உட்புறத்தில் இருக்கும் ஒரு வாடிக்கையாளர் இணையதளங்களைப் பார்ப்பதிலும், காணொளி காண்பதிலும், பணம் செலுத்துவதிலும் பொதுவாக வேறுபாட்டை உணர மாட்டார். ஆனால் வெளியிலிருந்து அவரது வீட்டை நேரடியாகத் தொடர்புகொள்ள இயலாது. அவர் தன் ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்தாலும் பயனில்லை. பொதி அவரது ரூட்டரை வந்தடைவதற்கு முன்பே நிறுவனத்தின் கருவியில் நின்றுவிடும். வீட்டுக் கதவைத் திறந்து வைத்தாலும், அடுக்ககத்தின் முன்வாயில் பூட்டியிருந்தால் விருந்தினர் உள்ளே வர முடியாது அல்லவா? அதுபோன்றதே இதுவும்.

இதற்கு இன்னொரு பக்கவிளைவும் உண்டு. பகிர்ந்துகொள்ளும் வீடுகளில் ஏதோ ஒன்றிலிருந்து முறைகேடு நடந்து, ஓர் இணையதளம் அந்த முகவரியைத் தடைசெய்தால், மற்ற வீடுகளும் சேர்ந்து தடைக்குள்ளாகும். "நீங்கள் மனிதர்தானா?" என்ற சோதனை அடிக்கடி தோன்றுவதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம்.

தன் இணைப்பு எவ்வகை என்று கண்டறிதல்

இதற்குத் தொழில்நுட்பப் பயிற்சி தேவையில்லை. இரண்டு எண்களை ஒப்பிட்டால் போதும்.

1. ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, வான் அல்லது இன்டர்நெட் என்ற பகுதியில் உள்ள ஐபிவி4 முகவரியைக் குறித்துக்கொள்ள வேண்டும்.
2. அதே இணைப்பிலிருந்து, பார்வையாளரின் ஐபி முகவரியைக் காட்டும் ஏதேனும் ஓர் இணையதளத்தைத் திறந்து, அது காட்டும் ஐபிவி4 முகவரியைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இச்சோதனையின்போது கணினியில் விபிஎன் இயங்கக் கூடாது. இரண்டு எண்களும் ஒன்றானால் இணைப்புக்குப் பொது முகவரி கிடைத்துள்ளது. வெவ்வேறாக இருந்து, ரூட்டரில் உள்ளது 10, 100.64 முதல் 100.127 வரை, 172.16 முதல் 172.31 வரை, அல்லது 192.168 என்று தொடங்கினால், இணைப்பு சிஜிநேட்டுக்குள் அல்லது வேறொரு ரூட்டருக்குப் பின்னால் உள்ளது. நிறுவனம் பொருத்திய கருவிக்குப் பின்னால் வாடிக்கையாளர் தன் சொந்த ரூட்டரை வைத்திருந்தால், முதல் கருவியின் பக்கத்தையே பார்க்க வேண்டும்.

முகவரி மாறுகிறதா என்பதை அறிய, ரூட்டரைச் சில நிமிடங்கள் அணைத்து வைத்து மீண்டும் இயக்கி, எண்ணை ஒப்பிடலாம். சில வாரங்கள் இடைவெளிவிட்டுப் பார்ப்பது இன்னும் தெளிவான விடையைத் தரும்.

நிலையான முகவரி எப்போது தேவை

இணைப்பு வீட்டிலிருந்து வெளியே தொடங்கும் பணிகள் பெரும்பாலானவற்றுக்கு நிலையான முகவரி தேவையில்லை. இணையதளம் பார்த்தல், மின்னஞ்சல், காணொளிக் கூட்டம், இணையவழி வகுப்பு, வங்கிச் சேவை, பெரும்பாலான விளையாட்டுகள் ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை. அலுவலக விபிஎன்னில் வீட்டிலிருந்து உள்நுழைவதற்கும் பொதுவாகத் தேவையில்லை. ஏனெனில் நிலையான முகவரி இருக்க வேண்டியது அலுவலகத்துக்கே.

பின்வரும் நிலைகளில் அது பயன்படும்.

- அனுமதிப் பட்டியல்: ஒரு நிறுவனம் குறிப்பிட்ட முகவரிகளிலிருந்து மட்டுமே தன் வழங்கியை அணுக அனுமதித்தால், வீட்டிலிருந்து பணிபுரிபவருக்கு மாறாத முகவரி தேவை. முகவரி மாறும் நாளில் அவரால் வேலை செய்ய இயலாது.
- வீட்டில் வழங்கி நடத்துதல்: இணையதளம், கோப்புச் சேமிப்பகம், விளையாட்டு வழங்கி போன்றவற்றை வெளியிலுள்ளவர் அணுகும்படி வீட்டில் இயக்குவோருக்கு உதவும்.
- இரு இடங்களை இணைத்தல்: வீட்டையும் கடையையும் விபிஎன் வழியாக நிரந்தரமாக இணைக்க விரும்பினால், குறைந்தது ஒரு முனையிலாவது மாறாத முகவரி இருப்பது வசதியானது.
- பழைய வகைக் கேமரா பதிவுக் கருவிகள்: முகவரியை நேரடியாக இட்டுப் பார்க்கும் வகையில் அமைந்தவற்றுக்குத் தேவைப்படலாம்.

வீட்டிலேயே மின்னஞ்சல் வழங்கி நடத்துவதற்கு நிலையான முகவரி மட்டும் போதாது. வீட்டு இணைப்புகளின் முகவரித் தொகுதிகளிலிருந்து நேரடியாக வரும் மின்னஞ்சலைப் பல வழங்கிகள் எரிதம் எனக் கருதி மறுக்கின்றன. முகவரியிலிருந்து பெயரைக் காட்டும் தலைகீழ்ப் பதிவையும் சேவை வழங்குநர்தான் அமைத்துத் தர வேண்டும்.

கட்டணமில்லாத அல்லது குறைந்த செலவிலான மாற்று வழிகள்

மாறும் பொது முகவரி உள்ளவர்களுக்கு மாறும் டிஎன்எஸ் சேவை பெரும்பாலும் போதுமானது. இதில் வீட்டுக்கு ஒரு பெயர் கிடைக்கிறது. முகவரி மாறும்போதெல்லாம் ரூட்டரோ வீட்டுக் கணினியில் உள்ள ஒரு சிறு நிரலோ புதிய முகவரியை அச்சேவைக்குத் தெரிவிக்கிறது. வெளியிலிருந்து அணுகுபவர் எண்ணை நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. பெயரைக் கொண்டே அணுகலாம். வீடு மாறினாலும் கைபேசியில் ஒருவரது பெயரின்கீழ் புதிய விவரத்தைத் திருத்தி வைப்பது போன்றது இது. நோ-ஐபி, டக் டிஎன்எஸ் ஆகியன இவ்வகைச் சேவைகளில் சில. பல ரூட்டர்களில் இவ்வசதி உள்ளமைந்தே வருகிறது.

ஆனால் சிஜிநேட்டுக்குள் உள்ளவர்களுக்கு மாறும் டிஎன்எஸ் பயன்படாது. அந்தப் பெயர் சுட்டும் முகவரி பல வீடுகளுக்குப் பொதுவானது. அங்கே வரும் தொடர்பு எந்த வீட்டுக்கு உரியது என்பதை அறிய வழியில்லை. இவர்களுக்கு வேறு வழிகள் உள்ளன.

- இடைவழங்கி வழியாகச் செயல்படும் கேமராக்கள்: செயலியில் க்யூஆர் குறியை வருடிச் சேர்க்கும் புதிய கேமராக்கள், தாமே வெளியே சென்று தயாரிப்பாளரின் வழங்கியுடன் இணைகின்றன. கைபேசியும் அதே வழங்கியின் உதவியுடன் கேமராவை அடைகிறது. இதற்குப் பொது முகவரியே தேவையில்லை. ஆனால் தயாரிப்பாளர் மீது நம்பிக்கை வைக்க வேண்டியுள்ளது.
- மேலடுக்கு விபிஎன்: டெயில்ஸ்கேல், சீரோடயர் போன்றவை வீட்டுக் கணினியையும் கைபேசியையும் ஒரே தனிப் பிணையத்தில் உள்ளவைபோல் இணைக்கின்றன. இரண்டு முனைகளும் வெளியே நோக்கி இணைவதால் சிஜிநேட் தடையாக இருப்பதில்லை.
- வாடகை வழங்கி: மேகக் கணிமை நிறுவனம் ஒன்றில் நிலையான முகவரியுடைய ஒரு சிறு வழங்கியை வாடகைக்கு எடுத்து, வீட்டிலிருந்து அதற்கு வயர்கார்ட் போன்ற மறையாக்கப்பட்ட சுரங்கம் அமைக்கலாம்.
- சேவை வழங்குநரிடம் கேட்டல்: நிலையான முகவரி வேண்டாம், மாறும் பொது முகவரி போதும் என்று கேட்டால் சில நிறுவனங்கள் சிஜிநேட்டிலிருந்து வெளியே மாற்றித் தருகின்றன.

வீட்டுக்குள் மட்டும் மாறாத முகவரி தேவைப்படும் நிலையும் உண்டு. அச்சுப்பொறியோ கேமரா பதிவுக் கருவியோ ஒவ்வொரு முறையும் வேறு உள்முகவரி பெற்றால் மற்றக் கருவிகளால் அதைக் கண்டுபிடிக்க இயலாமல் போகலாம். ரூட்டரின் டிஎச்சிபி பகுதியில் அக்கருவிக்கு ஒரு முகவரியை ஒதுக்கி வைத்தால் போதும். இதற்கு யாருக்கும் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை.

பாதுகாப்பு

மாறும் முகவரி பாதுகாப்பானது, நிலையானது ஆபத்தானது என்ற கருத்து ஓரளவே சரி. மாறாத முகவரி உடையவரைக் குறிவைத்துத் தொடர்ந்து தாக்குவது எளிது என்பது உண்மை. ஆனால் பெரும்பாலான தாக்குதல்கள் தனி ஒருவரைக் குறிவைப்பவை அல்ல. 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட சீமேப் என்னும் மென்பொருள், ஒரே கணினியிலிருந்து ஐபிவி4 வெளி முழுவதையும் 45 நிமிடங்களுக்குள் துழாவ முடியும் என்று காட்டியது. எனவே திறந்து கிடக்கும் ஒரு கருவி, அதன் முகவரி நேற்று மாறியிருந்தாலும், இன்று கண்டுபிடிக்கப்பட்டுவிடும்.

2016இல் பரவிய மிராய் என்னும் தீநிரல் இதற்குச் சான்று. அது இணையத்தைத் துழாவி, தொழிற்சாலையில் இட்ட பயனர்பெயரும் கடவுச்சொல்லும் மாற்றப்படாத கேமராக்களையும் பதிவுக் கருவிகளையும் ரூட்டர்களையும் கைப்பற்றியது. அதற்கு ஏறத்தாழ 60 கடவுச்சொல் இணைகள் போதுமானவையாக இருந்தன. அக்கருவிகளைக் கொண்டு 2016 அக்டோபர் 21 அன்று டின் என்ற நிறுவனத்தின் டிஎன்எஸ் வழங்கிகள் தாக்கப்பட்டன. ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட பல தளங்கள் பலருக்குக் கிடைக்காமல் போயின. அந்தக் கேமராக்களின் உரிமையாளர்கள் பலருக்குத் தங்கள் கருவி இதில் பங்கெடுத்ததே தெரியாது.

ஆகவே வெளியிலிருந்து அணுகும்படி ஒரு கருவியைத் திறப்பவர், முகவரி எவ்வகையானாலும், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். கருவியின் மென்பொருளைப் புதுப்பித்துவர வேண்டும். தேவையான போர்ட்டை மட்டுமே திறக்க வேண்டும். இயன்றால் போர்ட்டைத் திறக்காமல் விபிஎன் வழியாகவே அணுக வேண்டும்.

அடையாளமும் தனியுரிமையும்

மாறும் முகவரி ஒருவரை மறைத்துவிடும் என்பதும் தவறான நம்பிக்கை. எந்த நேரத்தில் எந்த முகவரி யாரிடம் இருந்தது என்ற பதிவை நிறுவனங்கள் பாதுகாக்கின்றன. இந்தியாவில் இத்தகைய பதிவுகளைக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிம விதிகள் திருத்தப்பட்டன. அதற்கு முன்னர் இக்காலம் ஓராண்டாக இருந்தது.

மாறும் முகவரியைக் கொண்டு ஒருவரை அடையாளம் காண, முகவரியோடு நேரமும் துல்லியமாகத் தெரிய வேண்டும். இணையதளங்களின் பதிவுகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். இந்திய நேரமும் இலங்கை நேரமும் அதைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியவை. மாற்றிக் கணக்கிடுவதில் பிழை நேர்ந்தால், அதே முகவரியை வேறு நேரத்தில் வைத்திருந்த, தொடர்பே இல்லாத ஒருவரிடம் விசாரணை போய் நிற்கும். சிஜிநேட்டில் முகவரி, நேரம் ஆகியவற்றோடு போர்ட் எண்ணும் தேவை. இல்லையேல் பல வீடுகளுள் எது என்று பிரித்தறிய இயலாது. இதனால்தான் இணைய வழங்கிகள் போர்ட் எண்ணையும் பதிவுசெய்ய வேண்டும் என்று 2011இல் ஆர்எஃப்சி 6302 பரிந்துரைத்தது. சிஜிநேட் குற்றப் புலனாய்வைக் கடினமாக்குவதாக ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் 2017இல் கவலை தெரிவித்தது.

இத்தகைய பிழையின் விளைவு சிறியதன்று. 2007இல் பெங்களூரில் மென்பொருள் பணியாளர் ஒருவர், சமூக வலைத்தளம் ஒன்றில் வெளியான பதிவு தொடர்பாகக் கைதுசெய்யப்பட்டு ஏறத்தாழ 50 நாட்கள் சிறையில் இருந்தார். அவருக்கும் அப்பதிவுக்கும் தொடர்பில்லை என்பதும், காவல்துறைக்குக் கொடுக்கப்பட்ட ஐபி முகவரி விவரம் தவறு என்பதும் பின்னரே தெரியவந்தன. ஐபி முகவரி ஓர் இணைப்பைச் சுட்டும் தடயம் மட்டுமே. விசைப்பலகையின் முன் அமர்ந்திருந்தவர் யார் என்பதை அது சொல்வதில்லை.

மறுபுறம், மாறும் முகவரியும் தனிநபர் தரவாகக் கருதப்படலாம். ஜெர்மன் அரசியல்வாதி பாட்ரிக் பிரேயர் தொடுத்த வழக்கில், 2016 அக்டோபர் 19 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் இதுபற்றித் தீர்ப்பளித்தது. சேவை வழங்குநரிடம் உள்ள விவரத்தைப் பெற்று ஆளை அடையாளம் காணச் சட்டப்படியான வழி இணையதள நடத்துநருக்கு இருந்தால், மாறும் முகவரியும் தனிநபர் தரவே என்று அது கூறியது.

ஐபிவி6

பற்றாக்குறைக்கு நிலையான தீர்வாக 1998 டிசம்பரில் ஐபிவி6 நெறிமுறை வரையறுக்கப்பட்டது. இதன் முகவரி 128 பிட் நீளமுடையது. மொத்த முகவரிகள் ஏறத்தாழ 340ஐ அடுத்து 36 சுழியங்கள் இட்டால் வரும் எண்ணிக்கை. இதில் ஒரு வீட்டுக்கு ஒரு முகவரி கொடுப்பதில்லை. ஒரு முகவரித் தொகுதியே கொடுக்கப்படுகிறது. வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவியும் தனக்கெனப் பொது முகவரி பெறுகிறது. முகவரி மாற்றம் தேவையில்லை.

ஐபிவி6 பயன்பாட்டில் இந்தியா உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்று. சிஜிநேட்டுக்குள் உள்ள பல வீடுகளுக்கு ஐபிவி6 வழியே நேரடி அணுகல் கிடைக்க வாய்ப்புண்டு. ஆனால் மூன்றைக் கவனிக்க வேண்டும். முதலாவது, சேவை வழங்குநர் கொடுக்கும் தொகுதியின் முற்பகுதி மாறக்கூடும். அப்போது ஐபிவி6 முகவரியும் மாறும் முகவரியே. இரண்டாவது, ரூட்டரின் ஃபயர்வால் வெளியிலிருந்து வருவனவற்றை வழக்கமாகத் தடுத்தே வைத்திருக்கும். தேவையானதை மட்டும் திறக்க வேண்டும். மூன்றாவது, அணுகுபவரின் இணைப்பிலும் ஐபிவி6 இருக்க வேண்டும்.

பொதுவான தவறான கருத்துகள்

- நிலையான முகவரி இணைய வேகத்தைக் கூட்டும்: கூட்டாது. வேகம் திட்டத்தையும் இணைப்பின் தரத்தையும் பொறுத்தது.
- முகவரி மாறினால் இணைப்பு அடிக்கடி துண்டிக்கப்படும்: இணைப்பு துண்டிக்கப்படுவதால்தான் பெரும்பாலும் முகவரி மாறுகிறது. அடிக்கடி துண்டிப்பு ஏற்பட்டால் சரிசெய்ய வேண்டியது கம்பியும் கருவியுமே.
- கேமராவுக்கு நிலையான முகவரி கட்டாயம்: செயலி வழியாக இயங்கும் இன்றைய கேமராக்கள் பலவற்றுக்குத் தேவையில்லை.
- ரூட்டரில் கையால் முகவரி இட்டால் அது நிலையான பொது முகவரியாகிவிடும்: ஆகாது. சேவை வழங்குநர் ஒதுக்காத முகவரியை இட்டால் இணைப்பே வேலை செய்யாது.

முடிவெடுக்கும் முறை

நிலையான முகவரிக்குப் பணம் செலுத்தும் முன் மூன்று கேள்விகளுக்கு வரிசையாக விடை காணலாம். வெளியிலிருந்து வீட்டுக் கருவியை அணுக வேண்டுமா, அல்லது தன் முகவரியைப் பதிந்துவைக்கும்படி யாரேனும் கேட்கிறார்களா? இரண்டும் இல்லையெனில் எதுவும் வாங்க வேண்டியதில்லை. வெளியிலிருந்து அணுகுவதே தேவையெனில், இணைப்பு பொது முகவரி உடையதா? ஆம் எனில் முதலில் மாறும் டிஎன்எஸ் சேவையை முயன்று பார்க்கலாம். சிஜிநேட் எனில், செயலிவழிக் கேமராவோ மேலடுக்கு விபிஎன்னோ ஐபிவி6ஓ போதுமா? இவை எதுவும் போதாத நிலையிலும், அனுமதிப் பட்டியலுக்காக எண்ணே மாறாமல் இருக்க வேண்டிய நிலையிலும் நிலையான முகவரி வாங்குவது பொருத்தமானது.

வாங்கும்போது, கொடுக்கப்படுவது பொது ஐபிவி4 முகவரிதானா, அனைத்துப் போர்ட்களும் திறந்துள்ளனவா, கட்டணம் மாதத்துக்கா ஆண்டுக்கா, திட்டத்தை மாற்றினாலோ வீடு மாறினாலோ அதே முகவரி நீடிக்குமா ஆகியவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது. நிலையானது ஆனால் பொதுவானதல்லாத ஒரு முகவரியைப் பணம் கொடுத்து வாங்கினால், வெளியிலிருந்து வீட்டை அணுகும் நோக்கம் நிறைவேறாது.